மற்றவை எனில் குறிப்பிடுக

பெயின் என்ற அந்தச் சின்னச் சொல்லுக்கு
எங்கள் தாளில் அறுபத்திரண்டு பிள்ளைகள்.
பென்சான்ஸ் மருத்துவமனை, மூன்றாம் அறை,
ஜன்னலுக்கு வெளியே கிடையாக விழும் மழை.
நான் வாசிப்பேன், அவர்கள் தலையாட்டுவார்கள்,
டிக் அடிப்பேன்.
ஆளுக்கு ஏழு நிமிடம்.

இன்று கார்ஃபீல்ட் ட்ரெம்பாத்.
வயது எழுபத்தொன்பது. இடது இடுப்பு.
நியூலின் துறைமுகத்தில் நாற்பத்துநாலு வருடம்
மத்தி பிடித்தவர்.
நாற்காலியைப் பார்த்தார்,
அதன் உயரத்தைக் கண்ணால் அளந்தார்,
பிறகு மேசை விளிம்பைப் பிடித்து இறங்கினார்,
படகின் ஏணியில் இறங்குவதுபோல்,
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

குத்துகிறதா, என்றேன்.
குத்துவது கத்தி, என்றார்.
உள்ளே போகும், வெளியே வரும், வேலை முடிந்தது.
இது வெளியே வருவதில்லை.

எரிகிறதா?
எண்பத்துமூன்றில் எங்கள் படகின் அடுப்பு வெடித்தது.
சட்டைக் கையை மடித்து ஏற்றினார்:
முழங்கைக்கு மேல் வழுவழுவென்று
மயிர் முளைக்காத ஒரு தீவு.
இதுதான் எரிச்சல், பெண்ணே.
அந்தச் சொல்லை வீணாக்காதே.

விண்விண்ணென்று தெறிக்கிறதா?
இஞ்சின்தான் அப்படித் துடிக்கும்.
துடிக்கிறவரை தூங்குவோம்.
நின்றால்தான் எல்லோரும் விழித்துக்கொள்வோம்.

கடுக்கிறதா, குடைகிறதா, இழுக்கிறதா,
சுள்ளென்றா, சுரீரென்றா?
எல்லாம் ஒன்றுதானே என்பார்
மேல்மாடி டாக்டர் பென்ஹாலிகன்.
அவருக்கு வேண்டியது பத்துக்குள் ஓர் எண்.
ஒன்றில்லை, டாக்டர்.
கடுப்பு, நின்று வேலை செய்தவர்களுடையது.
குடைச்சலுக்கு ராத்திரி ஷிஃப்ட்.
உளைச்சல் எலும்பைத் தாண்டிப் போய்விட்டது.
நோவு என்று சொல்ல
பக்கத்தில் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

நச்சரிக்கிறதா?
முதல் தடவையாக யோசித்தார்.
தெல்மா நச்சரிப்பாள், என்றார்.
பூட்ஸைக் கழற்று. அந்தக் கடனைக் கேள். உன் தம்பியோடு பேசு.
பதினாறு வருடமாக யாரும் எதுவும் சொல்வதில்லை.
அழித்துவிடு அதை.
இவளையும் அவளையும் ஒன்றாக்காதே.
(இவள் என்றது இடுப்பை.)

பதினொன்று பத்து.
வெளியே மூன்று பேர், ஓர் இருமல்.
எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.
சரி, என்னதான் செய்கிறது உங்களுக்கு?
கொஞ்சம், என்றார்.
கொஞ்சம் என்ன?
கொஞ்சம்.

போன பிப்ரவரியில், ட்ரூரோவில்,
பச்சைத் திரைக்குப் பின்னால்,
இதே தாளை என் கையிலும் கொடுத்தார்கள்.
பன்னிரண்டு வாரம் ஆகியிருந்தது.
அறுபத்திரண்டும் எனக்கு மனப்பாடம்,
எந்தச் சொல்லுக்கு எந்த மாத்திரை என்பதுவரை.
'லேசாக' என்பதில் டிக் அடித்தேன்.
நர்ஸ் நன்றி சொன்னாள்.
அவள் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

தாளின் அடியில் ஒரு வரி இருக்கிறது,
மற்றவை எனில் குறிப்பிடுக.
எட்டு வருடத்தில் யாருக்கும் அதை நான் வாசித்ததில்லை.
இன்று அதில் 'கொஞ்சம்' என்று எழுதினேன்.
அவர் தலைகீழாகப் படித்துவிட்டு
எழுத்து சரி என்பதுபோல் பார்த்தார்.

கணினிதான் ஏற்கவில்லை.
சிவப்புக் கட்டம்: பட்டியலில் உள்ள சொல்லைத் தேர்ந்தெடுக்கவும்.
'மந்தமான' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.
கேட்டிருந்தால்
மந்தமாக இருப்பது வானம் என்றிருப்பார்.

அடுத்தவர் உள்ளே வந்து
ஈரக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
ஜன்னலில் பஸ் நிறுத்தம் தெரிந்தது.
நியூலின் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்,
பெஞ்சு முழுக்கக் காலி.
ட்ரெம்பாத் நின்றுகொண்டிருந்தார்,
தொப்பியில் மழை வழிய.
உட்கார்ந்தால்
எழுந்திருக்க வேண்டுமே.